மங்களம் மேடையேறினாள்

மணப்பட்டு ராஜாமணியை வாராவாரம் பார்த்து வருகிறவர்கள் இந்த முதல் பகுதியைத் தாண்டிப் போகலாம். இந்த வாரம்தான், அதுவும் பக்கத்து வீட்டுப் பத்திரிகையைக் கடன் வாங்கிப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ராஜாமணி வீராம்பட்டினத்துப் பெண். பாண்டிச்சேரி டவுனில் படித்தவள். மணப்பட்டில் கட்டுமரம் வைத்திருக்கும் சிங்காரவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு மூக்குக்கண்ணாடியும் ஒரு கறுப்புக் குடையும் கூட வந்தன. குடை பிடிக்கிற மருமகளை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. வந்த வருஷமே மாதர் சங்கம் ஆரம்பித்தாள். தலைவி அவள், செயலாளர் அவள், பொருளாளரும் அவளே. உறுப்பினர்களாக மூன்று பேர் வந்தார்கள். சுண்டல் கொடுப்பதை நிறுத்தியதும் இரண்டு பேர் ஆனார்கள்.

சங்கத்தின் சண்டை சாராயக் கடையோடு. பிரெஞ்சுக்காரன் கப்பலேறி நாலு வருஷம் ஆகிவிட்டது. கொடி மாறியது, தபால் தலை மாறியது, கடை மட்டும் இடம் மாறவில்லை. எல்லைக்கு அந்தாண்ட, கடலூர்ப் பக்கம், மதுவிலக்கு. இந்தாண்ட நம் பக்கம் தாராளம். அதனால் விடிந்ததும் விடியாததுமாக அந்தாண்டத்து ஆட்கள் தாகத்தோடு வந்து இறங்குவார்கள். கடை இருப்பதோ, கடற்கரையிலிருந்து பாகூர் ரோட்டுக்குப் போகிற மணல் பாதையின் நடுவில். மீன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் போக அது ஒன்றுதான் பாதை.

போன வாரம் ராஜாமணி பாகூருக்குப் போய் மேரியில் முறையிட்டாள். மேரி என்றால் கொம்யூன் ஆபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி; வெள்ளைக்காரன் விட்டுப்போன பெயர், இன்னும் யாரும் மாற்றவில்லை. அங்கே இருந்தவர் நல்ல மனிதர். கடையை ஊருக்கு வெளியே தள்ளி வைக்க வழி உண்டு என்றார். ஆனால் ஒன்று சொன்னார்: “ஒரு பொம்பள சொன்னா அது மனு. ஊர்ப் பொம்பளைங்க சேர்ந்து சொன்னா அது ஞாயம். மாசி மகம் முடிஞ்சு ரெண்டாம் நாள் காலையில நான் அங்க வர்றேன். கூட எத்தினி பேர் நிக்கிறாங்கன்னு பாக்கறேன்.”

அந்தக் காலை, நாளைய காலை. நாளை விட்டால் கடை இன்னும் ஒரு வருஷத்துக்கு ஏலம் போய்விடும். ஏலம் எடுத்திருப்பவர் சாமிக்கண்ணு. ராஜாமணியின் மாமியார் வேலம்மாளுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அண்ணன் கடைக்கே உலை வைக்கிறாளே என்று வேலம்மாள் மருமகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டு பத்து நாளாகிறது. இதுவரைதான் கதை. இனி இந்த வாரம்.

*

மாசி மகத்துக்கு மறுநாள் மணப்பட்டில் நாடகம். மற்ற ஊர்களில் நாடகம் ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். மணப்பட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுவார்கள். மறுநாள் கோழி கூவும் முன் கடலுக்குப் போகிறவன் ராத்திரி எப்படிக் கண் விழிப்பான்? ராமாயணமானாலும் சரி, ராவணன் பொழுதோடு செத்தாக வேண்டும்.

அந்த ஊர் நாடகத்துக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அம்மனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் முகத்தில் சாயம் பூசுவார்கள். ஆகையால் சாயம் பூசிய வாயால் மேடையில் ஒத்துக்கொண்டதை, சாயம் கழுவிய பிறகு இல்லை என்று சொல்லக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஜா வேஷம் கட்டிய செல்லப்பன், கீழே இருந்து யாரோ வேடிக்கையாகக் கேட்டதற்கு, “என் வலையையே தந்தேன், போ” என்று கையை வீசிவிட்டான். மறுநாள் தந்தான். அதற்கப்புறம் அவன் ராஜா வேஷமே கட்டுவதில்லை; குடிகாரன் வேஷம்தான். குடிகாரனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

நாடகத்துக்கு வாத்தியார் யாரென்றால், நம் சிங்காரவேலுதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். ஆனாலும் கட்டுமரத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டே வசனம் கட்டிவிடுவான். இந்த வருஷம் என்ன நாடகம் என்று ராஜாமணி இரண்டு மூன்று முறை கேட்டாள். “குடும்பக் கதைதான்” என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டான். மனைவி கேட்கும்போதெல்லாம் ஒரு ஆண்பிள்ளைக்கு வலையில் ஓட்டை தெரிகிறதென்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கடைப் போராட்டத்தில் முழுகிக் கிடந்த ராஜாமணிக்கு அது புரியவில்லை.

நாடகத்தன்று காலையிலிருந்து அவள் வீடு வீடாகப் போனாள். நாளைக் காலையில் கடைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று கேட்டாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்கள், புருஷனைக் கேட்க வேண்டும் என்றார்கள், மோர் குடித்துவிட்டுப் போ என்றார்கள். வயிறு நிறைய மோரும் கை நிறையப் ‘பார்க்கலா’முமாக வீடு திரும்பியபோது, வாசலில் காத்தவராயன் நின்றுகொண்டிருந்தான்.

காத்தவராயன் சிங்காரவேலுவோடு ஒரே கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவன். ஊர் நாடகத்தில் கோமாளியும் அவன்தான், ஸ்திரீ பார்ட்டும் அவன்தான். அன்று மீசையை வழித்துவிட்டு வந்திருந்தான்.

“அண்ணி, ஒரு சந்தேகம்,” என்றான் பணிவாக. “நீங்க பேசும்போது ஒரு கைய மேல தூக்குவீங்களே, அது சோத்தாங்கையா, பீச்சாங்கையா?”

ராஜாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்குக் கேட்கிறாய் என்றாள்.

“மங்களத்துக்குத்தான். நான் சோத்தாங்கையத் தூக்கறேன். வாத்தியாரு அதுல குடை இருக்குமேடாங்கறாரு. நீங்களே சொல்லிட்டா வம்பில்ல பாருங்க.”

எந்த மங்களம் என்று கேட்டதற்கு, அவன் கள்ளம் கபடு இல்லாமல் கதையைச் சொல்லிவிட்டான். நாடகத்தின் பெயர் ‘மாதர் தலைவி மங்களம்’. மங்களம் படித்தவள். கண்ணாடி போட்டவள். குடையில்லாமல் கொல்லைப்புறம்கூடப் போகமாட்டாள். கோழியைக் கூப்பிட்டாலும் “அன்பார்ந்த சகோதரிகளே” என்றுதான் கூப்பிடுவாள். சாராயக் கடையை ஒழிக்கிறேன் என்று ஊரைக் கூட்டிப் பேசிக்கொண்டே நிற்பாள், வீட்டில் குழம்பு தீயும். கடைசியில் அவள் புருஷன் நன்றாகக் குடித்துவிட்டு வந்து ஒரு பாட்டுப் பாடி, குடையைப் பிடுங்கி எறிவான். மங்களம் அவன் காலில் விழுந்து, “இனி அடுப்படியே என் சங்கம்” என்பாள். படுதா விழும்.

“சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடும் அண்ணி,” என்றான் காத்தவராயன். அவளுக்குத் தெரிந்துதான் எல்லாம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம். அதற்குள் உள்ளேயிருந்து வேலம்மாள் வந்து, மருமகள் அப்போதுதான் வாசலில் சாத்திய கறுப்புக் குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். குடையைத் தருவதாக அவனிடம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது. மருமகள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ராஜாமணிக்கு அழுகை வந்தது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது அழுகை. ஊரே சேர்ந்து செய்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். கட்டினவன் செய்திருக்கிறான்.

*

சிங்காரவேலு அம்மன் கோயில் எதிரே பந்தலில் படுதாவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மனைவி குடையில்லாமல் வெயிலில் வருவதைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கி வந்தான்.

அவள் சத்தம் போடவில்லை. ஏன் எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். நாடக ஆட்கள் இந்த வருஷம் சீர்திருத்தக்காரி ஒருத்தியை வைத்துச் சிரிப்பு நாடகம் வேண்டும் என்று கேட்டார்களாம். டவுனில் எல்லா நாடகத்திலும் அப்படி ஒருத்தி வருகிறாளாம். இவனுக்கு அப்படி ஒருத்தியைப் பற்றி எழுத எங்கே போவதென்று தெரியவில்லை.

“எனக்குத் தெரிஞ்சது நீ ஒருத்திதான்,” என்றான். “எழுத எழுத நல்லா வந்துச்சு. வுட மனசு வரல.”

இப்படி ஒரு உண்மையைச் சொல்லுகிற புருஷனை என்ன செய்வது? ராஜாமணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு சொன்னாள்:

“இன்னிக்கு ஊரே என்னைப் பாத்து சிரிச்சுட்டா, நாளைக்குக் காலையில எவ வந்து என் பக்கத்துல நிப்பா? அதை யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை. அவன் முகத்திலேயே அது தெரிந்தது. நாடகம் எழுதியது ஒரு மாதத்துக்கு முன்னால். மேரியிலிருந்து ஆள் வருவது போன வாரம் முடிவானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் பார்க்கவே இல்லை.

கடைசிக் காட்சியையாவது எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அதுதான் முடியாது என்றான். பிடிவாதத்தில் சொல்லவில்லை. அவனுடைய நடிகர்களுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஒவ்வொரு வரியாக இவன் சொல்ல, அவர்கள் மாதம் முழுக்கக் கடலில் சொல்லிச் சொல்லிப் பாடம் பண்ணியிருக்கிறார்கள். முன் வரியைப் பிடித்துத்தான் பின் வரி வரும். நடுவில் ஒன்றை உருவினால் மொத்தமும் அவிழ்ந்துபோகும். தவிர, செல்லப்பன் பாடுகிற அந்தக் குடிகாரப் பாட்டு, தான் இதுவரை கட்டியதிலேயே நல்ல பாட்டு என்பதையும் சொன்னான். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“சிரிக்கறவங்க கெட்டவங்க இல்ல ராஜி,” என்றான் கடைசியில்.

“அது எனக்கும் தெரியும். ஆனா சிரிச்சுட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க,” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

நாடகத்துக்குப் போவதில்லை என்று பாயை விரித்துப் படுத்தவளை வேலம்மாள் விடவில்லை. பத்து நாளுக்குப் பிறகு மாமியார் பேசிய முதல் வார்த்தை, “எழுந்திரு” என்பதுதான். சாமி நாடகத்துக்கு வாத்தியார் வூட்டுப் பொம்பளை வராமல் இருந்தால் ஊர் ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசும் என்றாள். முகம் கழுவத் தண்ணீர் மொண்டு வைத்தாள். அதட்டலா, கரிசனமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல் வேலம்மாளுக்கு.

*

நாலு மணிக்குக் கடல்காற்று எழுந்தது; நாடகமும் ஆரம்பித்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். முன்வரிசையில் பெஞ்சு போட்டுச் சாமிக்கண்ணு உட்கார்ந்திருந்தார். தோளில் புதுத் துண்டு. ராஜாமணி பெண்கள் பக்கத்தில் மாமியாரோடு உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் காத்தவராயன் மனைவி எல்லம்மாள், இடுப்புக் குழந்தையோடு.

காத்தவராயன் குடையும் கண்ணாடியுமாக மேடைக்கு வந்து நின்றான். வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் சிரிப்பு பந்தலைத் தூக்கியது. அந்த நடை ராஜாமணியின் நடை. மணலில் செருப்பு புதைந்துவிடக் கூடாதே என்று அவள் காலைத் தூக்கித் தூக்கி வைப்பது அப்படியே இருந்தது. எல்லாரும் ஒரு தடவை மேடையைப் பார்த்தார்கள், ஒரு தடவை அவளைப் பார்த்தார்கள். ராஜாமணி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சுட்டது.

மங்களம் கோழியைக் கூப்பிட்டாள். “அன்பார்ந்த சகோதரிகளே, கூட்டுக்கு வாரீர்.” கோழி வரவில்லை. கோழிக்குப் பெண்ணுரிமை பற்றிச் சொன்னாள். சேவல் வந்தது. குழம்பு தீய்ந்தது, மங்களம் மூக்கை உறிஞ்சி, “தோழியரே, புரட்சியின் வாசனை வருகிறது” என்றாள். அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. ராஜாமணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அவள் வைத்த கெளுத்திக் குழம்பு அப்படித்தான் தீய்ந்தது. சிரித்துவிட்டுத் தன் மேலேயே எரிச்சலானாள்.

சாமிக்கண்ணுவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எழுந்து மேடைக்கே போய், தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து மங்களத்துக்குப் போர்த்தினார். “மங்களத்துக்கு மாமன் சீரு,” என்று சத்தமாகச் சொன்னார். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

அப்புறம் மங்களம் கடைக்கு எதிராகப் பேசுகிற காட்சி. சிங்காரவேலு அதற்கு வேண்டுமென்றே வாயில் நுழையாத தமிழில் ஒரு பிரசங்கம் கட்டியிருந்தான். காத்தவராயன் குடையை உயர்த்தி, “மதுவென்னும் மாபாதகம் மண்டிக்கிடக்கும்” என்று ஆரம்பித்தான். சிரிப்பு ஓயவில்லை. ஓயட்டும் என்று நின்றான். நின்றதில் அடுத்த வரி போய்விட்டது. முன் வரியைப் பிடித்தால்தானே பின் வரி? படுதாவுக்குப் பின்னாலிருந்து சிங்காரவேலு எடுத்துக் கொடுத்தான். காற்று அதைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டது. மறுபடி கொடுத்தான். காத்தவராயன் காதில் விழவில்லை. நெற்றிச் சாயம் வியர்வையில் கரைந்து இறங்கியது.

கோமாளி வாய் மூடி நிற்கக் கூடாது. ஏதாவது சொல்லியாக வேண்டும். ராஜாமணியின் பிரசங்கத்தை விட்டால், சாராயக் கடையைப் பற்றி ஒரு பெண் பேசி அவன் கேட்டதெல்லாம் தன் வீட்டில், தன் மனைவி வாயால் கேட்டதுதான். அதை எடுத்தான்.

“சிரிக்காதீங்கடி,” என்றான். குரல் மாறிவிட்டது. “கூடையில மீனு, வயித்துல புள்ள. கடைகிட்ட வர்றேன், அந்தாண்டத்து ஆளுங்க வழிய மறிச்சு குந்திகினு இருக்காங்க. ஒருத்தன் கூடையில கைய வுட்டு மீன எடுக்கறான். இன்னொருத்தன் மீனையா எடுத்தான்? நான் திரும்பித் தாழம்புதரு வழியாப் போனேன். வுழுந்தேன். மீனெல்லாம் மண்ணாப் போச்சு, காலெல்லாம் முள்ளு. வூட்டுக்கு வந்தா எம் புருசன் கேக்கறான், மீன இன்னாடி பண்ணேன்னு. அவன்கிட்ட நான் இன்னா சொல்லுவேன்? அவனும் அங்கதான குந்தியிருந்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பாதிச் சாயம் சாமிக்கண்ணுவின் புதுத் துண்டோடு போயிற்று.

பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. தாழம்புதர் வழியாகப் போகாத பெண் அந்த ஊரில் குறைவு. போய்வந்ததை அவர்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டதும் குறைவு. இத்தனை மாதமாக ராஜாமணி அதைத்தான் சொன்னாள். ‘சமூகக் கேடு’ என்று சொன்னாள். கேட்டவர்கள் அது வேறு எங்கோ இருக்கிற கேடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லம்மாள் எழுந்து நின்றாள். குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“இன்னா மங்களம்,” என்றாள். “நாளைக்குக் காலையில நாங்க கூடைய எடுத்துகினு போவும்போது, நீ எங்க முன்னால வருவியா?”

புருஷனைக் கேட்டிருந்தால் அவன் வேறு பேச்சுப் பேசியிருப்பான். அவள் புருஷனைக் கேட்கவில்லை, மங்களத்தைக் கேட்டாள். சாயம் பூசிய வாயைக் கேட்டாள். மணப்பட்டு வழக்கம் தெரிந்த கெட்டிக்காரி.

காத்தவராயன் ஓரத்தைப் பார்த்தான். ஓரத்தில் செல்லப்பன் நின்றுகொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வலையைப் பறிகொடுத்தவன் அல்லவா?

“வர்றேன்,” என்றான் காத்தவராயன்.

“இதே வேசத்துலயா?”

“இதே வேசத்துலதான்.”

ஒரு பெண் சிரித்தாள். பிறகு பத்துப் பேர் சிரித்தார்கள். இது அந்தப் பழைய சிரிப்பு இல்லை. மங்களம் வந்தால் நானும் வருகிறேன் என்று ஒருத்தி சொன்னாள். நானும் என்று இன்னொருத்தி. காலையில் மோர் கொடுத்து அனுப்பியவர்கள்தான் எல்லாரும். ராஜாமணிக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு சின்ன முள்ளும் குத்தாமல் இல்லை: தனக்காக வராதவர்கள் மங்களத்துக்காக வருகிறார்கள். வரட்டும், யாருக்காக வந்தால் என்ன என்று அந்த முள்ளை அங்கேயே பிடுங்கிப் போட்டாள்.

ஆனால் நாடகம் முடியவில்லையே. இன்னும் ஒரு காட்சி இருக்கிறது. செல்லப்பன் கையில் புட்டியோடு படுதா ஓரத்தில் தயாராக நிற்கிறான். அவன் வந்து பாடினால் போதும். குடை பறக்கும், மங்களம் காலில் விழுவாள், “இனி அடுப்படியே என் சங்கம்” என்பாள். சாயம் பூசிய வாயால் அதையும் சொன்னால் அதுவும் வாக்குத்தான். எல்லம்மாள் வாங்கிய வாக்கு அதோடு சரி.

படுதாவுக்குப் பின்னால் வாத்தியார் கையில் விசில். சின்னதாக அடித்தால் அடுத்த காட்சி. நீட்டி அடித்தால் நாடகம் முடிந்தது, படுதா இறங்கும். ராஜாமணி படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும், அந்தப் பாட்டு அவனுக்கு எவ்வளவு உசத்தி என்று. அவளுக்குக் கேட்காது என்று நினைத்துக் கொல்லையில் அதை முணுமுணுத்துத் திரிந்தானே ஒரு மாதமாக.

விசில் கேட்டது. நீளமாகக் கேட்டது. மூச்சு இருக்கிறவரை ஊதினான் சிங்காரவேலு. படுதா பாதியில் சிக்கி, பிறகு மொத்தமாக விழுந்தது. புட்டியோடு செல்லப்பன் அதற்கு வெளியே மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தான். அதுதான் அன்றைக்குக் கடைசிச் சிரிப்பு.

முன்பெஞ்சில் சாமிக்கண்ணு இல்லை. எப்போது எழுந்து போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

*

விளக்கு வைக்கிற நேரத்துக்கு சிங்காரவேலு குடையோடு வீட்டுக்கு வந்தான். ஒரு கம்பி வளைந்திருந்தது. நிமிர்த்தித் தருகிறேன் என்றான். ராஜாமணி வாங்கி மாட்டினாள். கெளுத்திதான் அன்றைக்கும், தீயவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“கடைசிப் பாட்டு நல்லா வந்திருக்கும்,” என்றான் பிறகு.

“தெரியும். மூணாவது அடி எனக்கே மனப்பாடம்,” என்றாள் அவள். “கோழிய நான் சகோதரின்னா கூப்பிடறேன்?”

“நேத்து கூப்ட்ட.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். மன்னிப்பு என்று அவன் வாயால் கேட்கவில்லை. விசிலில்தான் கேட்டுவிட்டானே. அவளும் வேறெதுவும் எதிர்பார்க்கவில்லை. பாட்டை முழுசாக ஒருமுறை பாடிக் காட்டச் சொன்னாள். பாடினான். உண்மையிலேயே நல்ல பாட்டு.

அந்தச் சமயத்தில்தான் சாமிக்கண்ணு வீட்டு ஆள் வந்து வாசலில் நின்று சேதி சொல்லிவிட்டுப் போனான். நாளைக் காலையில் தங்கச்சி வீட்டில்தான் பழஞ்சோறாம். திருவிழா முடிந்தால் அண்ணன் தங்கை வீட்டில் வந்து பழஞ்சோறு சாப்பிடுவது வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் அவர் எப்போதும் வெயில் ஏறிய பிறகு வருவார். இந்தத் தடவை விடிந்ததும் வருகிறாராம். கூடை கிளம்புகிற நேரத்துக்கு.

சிங்காரவேலு ராஜாமணியைப் பார்த்தான். இரண்டு பேரும் வேலம்மாளைப் பார்த்தார்கள். அண்ணன் வரும்போது தங்கையும் மருமகளும் வீட்டில் இல்லாமல் இருப்பதாவது! வேலம்மாள் எழுந்தாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடினாள். பக்கத்தில் ஊறுகாய்ச் சட்டியை வைத்தாள். அண்ணனுக்குப் பிடித்த சுட்ட கருவாட்டை ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். ராஜாமணிக்கு மனசு கொஞ்சம் சோர்ந்தது. சரி, மாமியாரைக் குற்றம் சொல்ல முடியாது, கூடப் பிறந்த பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு வேலம்மாள் எட்டி, பரண் மேலிருந்து தன் பழைய மீன் கூடையை இறக்கினாள். மகன் தலையெடுத்த பிறகு அவள் தொடாத கூடை அது. தூசி தட்டிக் கதவோரம் வைத்தாள்.

“அண்ணன் கடைன்னு எங்கூடையில எவனும் கைய வெச்சதில்ல,” என்றாள், யாரையும் பார்க்காமல். “எல்லம்மா காலுல அன்னிக்கு முள்ளு எடுத்தவ நான்தான். எடுத்துட்டு வாய மூடிகினு இருந்தேன்.”

ராஜாமணி அந்தக் கூடையைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் மாமா வருவாரே அத்தை, யார் சோறு போடுவார்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

வேலம்மாள் கூடைக்கு அடியில் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை உதறி, சுற்றி, கூடைக்குள் போட்டாள்.

“எனக்கு வெவரம் தெரிஞ்சதுலருந்து அவனுக்கு நான்தான் போட்டுக்கினு இருக்கேன். சட்டி எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியும். நாளைக்கு ஒரு நாள் அவனே போட்டுத் தின்னட்டும்.”